நாற்பத்திரண்டு பலகை

கோப்பைக்குக் காது ஒட்டுகிற வேலை என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். காது இல்லாத கோப்பையில் கொதிக்கக் கொதிக்கத் தேநீரை ஊற்றிக் கையில் கொடுத்தால் சிரிப்பு தன்னால் அடங்கிவிடும். அந்தப் பீங்கான் ஆலையில் இதற்கென்றே நீளமான ஒரு கூடம் இருந்தது. இரண்டு வரிசையாக மேசைகள், மேசைக்கு இரண்டு பெண்கள், எதிரெதிராக. இருவருக்கும் பொதுவில் ஒரு கிண்ணம் களிமண் கூழ், ஒரு வாளித் தண்ணீர். அச்சிலிருந்து வந்த கோப்பை பாதி காய்ந்து பதமாக இருக்கும். ஈரத்துணிக்கு அடியிலிருந்து ஒரு காதை எடுத்து, இரண்டு முனையையும் கத்தியால் சீவி, கூழில் தொட்டு, கோணல் இல்லாமல் அழுத்தி, பிதுங்கியதைப் பஞ்சால் துடைத்துப் பலகையில் வைக்க வேண்டும். பலகைக்கு இருபது கோப்பை. ஒரு நாளைக்கு முப்பது பலகை. இந்த முப்பதை யார் வைத்தார்கள், எப்போது வைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதைப் போல அதுவும் இருந்தது.

அந்தக் கூடத்தில் எழுதாத சட்டம் ஒன்றும் உண்டு. வெளியாள் யாராவது முதுகுக்குப் பின்னால் வந்து நின்றால், அதிலும் கையில் காகிதத்தோடு நின்றால், கோப்பைக்கு மரியாதை செய்ய வேண்டும். அப்படித்தான் அதற்குப் பெயர். ஒட்டிய கோப்பையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, மாமியார் புது மருமகளைப் பார்ப்பது போல ஒரு சுற்றுத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒட்டின இடத்தில் இரண்டு ஊது ஊத வேண்டும். பஞ்சைப் பிழிந்து, நனைத்து, மறுபடியும் பிழிய வேண்டும். பார்க்க வந்தவர் "அடடா, என்ன பொறுப்பு!" என்று தலையாட்டிவிட்டுப் போவார். அவர் போன பிறகு கோப்பையும் மரியாதையை எதிர்பார்க்காது.

இது ஏமாற்று வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். நல்ல கை உள்ளவள் முப்பத்தைந்து பலகை போடலாம். அந்த ஐந்தை அவள் எதிரில் இருப்பவளின் பக்கம் தள்ளிவிடுவாள். கை வீங்கியவளுக்கும், மாசமாக இருந்தவளுக்கும், வீட்டில் அடி வாங்கிக்கொண்டு வந்தவளுக்கும் அந்தக் கூடத்தில் இடம் இருந்தது என்றால், அந்த மரியாதைக்குள்தான் இருந்தது. முதலாளி கொடுத்த இடம் இல்லை அது.

சின்னக்கை அங்கே வந்து சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. விரல்கள் குழந்தையின் விரல்களைப் போல இருந்ததால் அந்தப் பெயர். அவளும் கணவனும் மலைப்பக்கத்துச் சுரங்க ஊரிலிருந்து வந்தவர்கள். சுரங்கத்தை மூடிய வருடம் அங்கிருந்து இருநூறு குடும்பங்கள் கிளம்பின. ஆலைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைகளில் அவர்களைக் குடிவைத்தார்கள். அன்றிலிருந்து அவர்களுக்குப் பெயர் கொட்டகைக்காரர்கள். மூன்று தலைமுறையாக அந்த ஆலையில் இருந்தவர்கள் மேட்டுத் தெருவில் ஓட்டு வீடுகளில் இருந்தார்கள். கொட்டகைக்காரர்களுக்கு முக்கால் கூலி. "பழகுற வரைக்கும்தான்" என்று சொல்லிக் கொடுத்த முக்கால், நான்கு வருடமாகியும் பழகி முடியவில்லை.

அதற்காக இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். முணுமுணுப்பு இருந்தது. "இவங்க முக்காலுக்கு வந்து நிக்கிறதாலதான் நமக்கு ஏத்த மாட்டேங்கிறான்" என்று மேட்டுத் தெருவில் பேசுவார்கள். "நாலு ஓடு தலைக்கு மேல இருக்குன்னா எவ்வளவு திமிரு" என்று கொட்டகையில் பேசுவார்கள். ஆனால் குழாய் ஒன்றுதான். ரொட்டிக்கடை ஒன்றுதான். ஒரு வீட்டில் சாவு என்றால் இரண்டு பக்கமும் போய் உட்கார்ந்துவிட்டு வரும்.

சின்னக்கையின் மேசையில் எதிரே இருந்தவள் மேட்டுத் தெருக்காரி. இவளைவிட மூன்று வயது மூத்தவள். நல்ல உயரம், நெட்டையக்கா என்று கூப்பிடுவார்கள். வந்த புதிதில் சின்னக்கை பதினெட்டுப் பலகையில் திணறிக்கொண்டிருந்தபோது, நெட்டையக்கா தன் பலகைகளைச் சத்தமில்லாமல் முழங்கையால் இந்தப் பக்கம் தள்ளுவாள். காதும் காதும் வைத்த மாதிரி நடக்கும். ஒரு வருடத்தில் எல்லாம் தலைகீழானது. சின்னக்கையின் கை பறந்தது. நெட்டையக்காவுக்குக் குளிர்ந்த கூழில் கிடந்து கிடந்து விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்தன. இப்போது பலகைகள் அந்தப் பக்கம் போயின.

"என் கடனைத் தீர்க்கிறியாடி?" என்பாள் நெட்டையக்கா.

"வட்டி மட்டும்தான்க்கா. முதல் அப்படியே இருக்கு" என்பாள் சின்னக்கை.

அப்படி இருந்தபோதுதான் கடிகாரக்காரர் வரப்போகிறார் என்று செய்தி வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர், நிறுத்துக் கடிகாரத்தோடு. ஒரு கோப்பைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து பார்ப்பாராம். கூடத்தில் யாரும் பயப்படவில்லை. இவர்கள் பார்க்காத ஆளா?

"நாளைக்கு மரியாதை, மறந்துடாதே" என்றாள் நெட்டையக்கா.

"மறப்பேனாக்கா? ஊதி ஊதியே கோப்பையைக் காயவெச்சிடறேன்."

அன்று மாலை வேலை விட்டு வெளியே வரும்போது, வாசலில் சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைகுட்டிக்காரர், இருமல்காரர்.

"உன் மேசைக்குத்தான் கடிகாரம் வருது. ஒண்ணு சொல்றேன், உனக்குள்ள வெச்சுக்கோ. கொட்டகை ஆளுங்களுக்குக் கை வராது, அதான் முக்கால் கூலின்னு மேல பேசிக்கிறாங்க. நாளைக்கு நீ கையைக் காட்டினேன்னா, உங்க எல்லாரையும் நிரந்தரம் பண்ணிடலாம்னு பேச்சு. முழுக்கூலி. அப்புறம் உன் இஷ்டம்மா."

வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சொன்னாள். அவன் சூளையில் வண்டி தள்ளுபவன், அதிகம் பேசமாட்டான். கூரையை அண்ணாந்து பார்த்தான். தகரத்தில் ஏழு ஓட்டை இருந்தது, ஏழுக்கும் கீழே ஏழு பாத்திரம் இருந்தது. "நிரந்தரம்னா ஓட்டு வீடு கேட்கலாம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

"நெட்டையக்காகிட்ட வார்த்தை கொடுத்துட்டேனே."

"அவங்க நிரந்தரம்தானே? அவங்களுக்கு என்ன போகுது?"

என்ன போகும் என்று அவளுக்கும் அப்போது தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் பெரிதாக முயலவும் இல்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் புதன்கிழமை. காலை எட்டு மணிக்குக் கடிகாரக்காரர் வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். சவரம் செய்த முகம், நீலப் பென்சில். முதல் கோப்பையை எடுத்தாள். சீவினாள், தொட்டாள், அழுத்தினாள், துடைத்தாள், வைத்தாள். தூக்கிப் பிடிக்கவில்லை. ஊதவில்லை. இரண்டாவதை எடுத்தாள். எதிரில் நெட்டையக்கா கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடியே இவளைப் பார்த்தாள். மேசைக்கு அடியில் ஒரு கால் வந்து இவள் காலை உதைத்தது. இவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பாதி பயம், பாதி பெருமை. தன் ஆட்களுக்காகச் செய்தேன் என்று பின்னாளில் எத்தனையோ முறை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய் இல்லை. ஆனால் யாரோ ஒருவர் தன் கையை அவ்வளவு உற்றுப் பார்த்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கை தன்னால் ஓடியது. பத்து மணிக்குக் கடிகாரத்தை நிறுத்தும்போது பத்தரைப் பலகை முடிந்திருந்தது. "பிரமாதம்" என்று அந்த மனிதர் மெதுவாகச் சொன்னார். மாலையில் வாளித் தண்ணீரைக் கொட்டும்போது நெட்டையக்கா, "ஏன்டி?" என்றாள். சின்னக்கை குனிந்து பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

இரண்டு மணி நேரத்துக்குப் பத்தரை என்றால் எட்டு மணி நேரத்துக்கு நாற்பத்திரண்டு. காலையில் ஓடுகிற கை மாலையிலும் அதே ஓட்டம் ஓடுமா என்று பெருக்கல் வாய்ப்பாடு கேட்பதில்லை. அடுத்த மாதம் முதல் தேதி கூடத்தின் வாசலில் அறிவிப்புப் பலகை ஒன்றை மாட்டினார்கள். நாளைக்கு நாற்பத்திரண்டு பலகை, கூடத்தில் அனைவருக்கும். முழுக்கூலியும் அதற்குத்தான். குறைந்தால் கூலி குறையும். மூன்று மாதம் தொடர்ந்து குறைந்தால் வேலை இல்லை. அதே நாளில் கொட்டகைக்காரர்கள் எல்லாருக்கும் நிரந்தரக் கடிதம் வந்தது. வாக்கு தவறவில்லை, பார்த்தீர்களா! நாற்பத்திரண்டில் நிரந்தரம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அச்சடித்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சின்னக்கையாலேயே தினமும் நாற்பத்திரண்டு போட முடியவில்லை. மூன்று மணிக்கு மேல் கை கனக்கும். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. சாப்பாட்டு நேரத்தில் பாதியை விட்டுக்கொடுத்தால் நாற்பத்திரண்டு. எதிர்ப்பக்கம் தள்ளிவிட ஒரு பலகைகூட மிஞ்சவில்லை. நெட்டையக்கா இருபத்தாறு போட்டாள், இருபத்தைந்து போட்டாள். நான்காவது மாதம் எதிர் இருக்கை காலியானது. இரண்டே நாளில் கொட்டகையிலிருந்து பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியை அதில் உட்காரவைத்தார்கள். அந்தக் கூடத்தில் மட்டும் மேட்டுத் தெருப் பெண்கள் முப்பத்தொரு பேர் வெளியே போனார்கள். முப்பத்தொரு இடத்திலும் கொட்டகை வந்து உட்கார்ந்தது.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை என்று மேட்டுத் தெரு பேச ஆரம்பித்தது. ரொட்டிக்கடையில் கொட்டகைக்காரர்களைக் கடைசியில் நிற்கச் சொன்னார்கள். அப்புறம் ரொட்டி தீர்ந்துவிட்டது என்றார்கள். குழாயடியில் ஒரு குடம் உடைந்தது. சின்னக்கை தெருவில் நடந்தால் யாராவது ஒருவர் "நாப்பத்திரெண்டு போகுது பாரு" என்பார். அதுதான் பிறகு அவளுக்குப் பெயராக நின்றது.

கோடையில் மேட்டுத் தெரு வேலைநிறுத்தம் செய்தது. முப்பதைத் திரும்பக் கொடு. வெளியே அனுப்பியவர்களை உள்ளே எடு. நியாயமான இரண்டே கோரிக்கை. கொட்டகைக்காரர்கள் சேரவில்லை. கடிதம் கைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதைக் கிழித்துப்போட யாருக்கு மனசு வரும்? "நாங்க முக்கால் கூலிக்குச் செத்தப்ப ஒருத்தனும் வேலையை நிறுத்தலையே" என்றார்கள். அதுவும் உண்மை. தினமும் காலையில் போலீஸ் நடுவில் நிற்க, மேட்டுத் தெரு வெளியே நின்று திட்ட, கொட்டகை தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனது. சின்னக்கையும் போனாள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். அந்த அறுபத்தெட்டு நாளும் ஆலையில் உற்பத்தி ஒரு கோப்பை குறையவில்லை.

அறுபத்தொன்பதாவது நாள் வாசலில் கல் பறந்தது. யார் முதலில் எறிந்தது என்பதில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. நெட்டையக்காவின் தம்பி மண்டையில் அடிபட்டு வாசலிலேயே விழுந்தான். மருத்துவமனைக்குப் போகும் வழியில் உயிர் போயிற்று. அன்று பிற்பகல் கொட்டகைகள் எரிந்தன. சூளைக்காரர் ஒருவர் காய்ச்சலோடு உள்ளே படுத்திருந்தார். அவரை வெளியே எடுக்க முடியவில்லை. சின்னக்கையின் கணவனை மூன்று பேர் இரும்புக் கம்பியால் அடித்தார்கள். அதில் ஒருவன் அவனோடு ஐந்து வருடம் ஒரே வண்டியைத் தள்ளியவன். முழங்கால் அதற்குப் பிறகு மடங்கவில்லை. கூரையின் ஏழு ஓட்டைகளுக்கும் ஒரே நாளில் வழி பிறந்தது, கூரையே இல்லை.

விசாரணைக் குழு ஒன்று வந்தது. பள்ளிக்கூடத்துக் கூடத்தில் நீள மேசை போட்டு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். சின்னக்கையையும் கூப்பிட்டிருந்தார்கள், கணவன் அடிபட்டதற்குச் சாட்சியாக.

"இந்த ரெண்டு பிரிவுக்கும் எவ்வளவு காலமா பகை?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"ஒண்ணேகால் வருஷமாங்க."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி இல்லைங்க. ஒரு புதன்கிழமை காலையில எட்டு மணியிலேருந்து பத்து மணிக்குள்ள வந்ததுங்க. நாப்பத்திரெண்டாலதான் வந்தது."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். "நாப்பத்திரெண்டுங்கிறது வீட்டு நம்பரா?"

அவள் பலகையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். கூழ், கத்தி, மரியாதை, கடிகாரம் என்று தொடங்கியதும் நடுவில் இருந்தவர் கையைக் காட்டினார். "இங்க பாரும்மா, உன் வீட்டுக்காரரை அடிச்சது யாரு? அதை மட்டும் சொல்லு." அவள் சொல்லவில்லை. யாரென்று தெரியும், சொல்லத் தோன்றவில்லை. நான்கு மாதம் கழித்து வந்த அறிக்கையில், இரு பிரிவினருக்கும் இடையே நெடுங்காலமாக நிலவிவரும் பகையே கலவரத்துக்குக் காரணம் என்று இருந்தது. தண்ணீர்க் குழாயை இரண்டாக்கும்படி பரிந்துரையும் செய்திருந்தார்கள். மற்றதையெல்லாம் மறந்தாலும் அதை மட்டும் உடனே செய்துவிட்டார்கள்.

வேலைநிறுத்தம் தானாகவே அவிந்துபோயிற்று. எரிந்த இடத்தில் மறுபடியும் தகரக் கொட்டகைகளே எழுந்தன. மேட்டுத் தெருவில் பாதிப் பேர் நாற்பத்திரண்டுக்கே தலைவணங்கித் திரும்பி வந்தார்கள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சின்னக்கை மேட்டுத் தெருவுக்குப் போனாள். பட்டப்பகலில், தெரு முழுக்கப் பார்க்க. கணவன் வேண்டாம் என்றான், கேட்கவில்லை. நெட்டையக்கா வாசலில் உட்கார்ந்து, ஒரு தொட்டித் தண்ணீரில் பழைய பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கொடுப்பார்களாம். விரல்கள் இஞ்சிக் கிழங்கைப் போல முண்டும் முடிச்சுமாக இருந்தன. உட்காரச் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"மன்னிச்சிடுக்கா" என்றாள் சின்னக்கை. அழுகை வந்தது.

நெட்டையக்கா ஒரு பாட்டிலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

"மன்னிக்கிறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்லடி. மன்னிச்சா நாப்பத்திரெண்டு முப்பதாயிடுமா? ஆகும்னா சொல்லு, இப்பவே மன்னிச்சிடறேன்."

நெட்டையக்கா அடுத்த பாட்டிலை எடுத்தாள்.

"என் தம்பி வர மாட்டான். அது போகட்டும். நீ ஏத்தினது பன்னெண்டு பலகை. அதை இறக்கிட்டு வா. முப்பதைக் கொண்டுவந்து இந்த வாசல்ல வை. அன்னிக்கு உட்காரு, டீ போட்டுத் தரேன்."

அன்றிலிருந்து அந்தப் பன்னிரண்டு பலகையை இறக்குவதுதான் அவளுக்கு வாழ்க்கை ஆனது. திங்கட்கிழமை அவள் முப்பதோடு நிறுத்தினாள். கோப்பைக்கு மரியாதை செய்தாள். தூக்கிப் பிடித்தாள், ஊதினாள். சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே, "என்னம்மா, பிரசவத்துக்குப் போறியா?" என்றார். செவ்வாயும் முப்பது, புதனும் முப்பது. வாரக் கடைசியில் கூலி வெட்டு. கூடத்தில் ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னாள்: நாம எல்லாரும் ஒண்ணா முப்பதுக்கு வந்துட்டா எத்தனை பேரை அனுப்புவாங்க? கொட்டகைக் குழாயில் நின்று சொன்னாள். வீடு வீடாகப் போனாள்.

எதிர் இருக்கைக்கு வந்திருந்த பத்தொன்பது வயதுக்காரிதான் பதில் சொன்னாள். பயல் ஒருவன் பிறந்திருந்தான் அவளுக்கு. இடுப்பில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"அக்கா, ஏணியை நீங்கதான் வெச்சீங்க. நாங்க ஏறிட்டோம். இப்ப இறங்குங்கிறீங்க. கீழ எங்க காலை வைக்கிறது? எங்க இடத்துக்கு மேட்டுத் தெருக்காரி எப்ப எப்பன்னு பார்த்துக்கிட்டிருக்கா. நான் முப்பது போட்டா அவ நாப்பத்திரெண்டு போடுவா."

மேட்டுத் தெருவிலிருந்து திரும்பி வந்தவர்களிடமும் கேட்டாள். "நாங்க முப்பது போட்டா கொட்டகைக்காரி நாப்பத்திரெண்டு போடுவா" என்றார்கள். ஒரே வாக்கியம்தான். இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்ந்து சொன்னது அது ஒன்றுதான்.

மூன்றாவது மாதம் வெட்டு பாதிக் கூலிக்கு வந்தது. கணவன் முழங்காலை நீட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தான். வயிற்றில் ஐந்து மாதம். அவள் நாற்பத்திரண்டுக்குத் திரும்பினாள். மகள் பிறந்த பிறகும் நாற்பத்திரண்டுதான். ஒன்பது வருடம் கழித்து அதை நாற்பத்தாறு ஆக்கினார்கள். கடிகாரக்காரர்கூட வரவில்லை, பலகையை மட்டும் மாற்றி மாட்டினார்கள். கேட்பதற்கு ஆள் இல்லை. இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்ததில் பலகையைப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. சூப்பர்வைசரையும் ஒரு நாள் இருமலோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் எங்கிருந்தோ இன்னும் மலிவாகக் கோப்பைகள் வந்தன, உடம்போடு சேர்ந்தே காதும் வார்த்து. ஆலையை மூடினார்கள். மேட்டுத் தெருவுக்கும் வேலை இல்லை, கொட்டகைக்கும் வேலை இல்லை. சண்டை போடுவதற்கு ஒன்றுமே மிச்சம் இல்லாத பிறகும் சண்டை மட்டும் இருந்தது. இரண்டு குழாய், இரண்டு ரொட்டிக்கடை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தனித்தனி பெஞ்சு.

மகளிடம் அவள் இதைச் சொன்னதே இல்லை. வெட்கம். "உங்கம்மாவை ஏன் நாப்பத்திரெண்டுங்கிறாங்க?" என்று பள்ளியில் கேட்கிறார்கள் என மகள் வந்து சொன்னபோது, பழைய வீட்டு எண் என்று சொல்லிவிட்டாள். மேட்டுத் தெருக்காரர்கள் ஏன் நம்மோடு பேசுவதில்லை என்று கேட்டபோது, "அது அந்தக் காலத்துப் பகை" என்றாள். அறிக்கையில் இருந்த அதே காரணம் அவள் வாயிலும் வந்துவிட்டது. மகள் அதை நம்பித்தான் வளர்ந்தாள்.

ஆலை இருந்த இடத்தில் பார்சல் கிடங்கு ஒன்று வந்தது. மகளுக்கு இருபத்துமூன்று வயதில் அங்கே வேலை கிடைத்தது. அலமாரி அலமாரியாக ஓடிப் பொருளை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். மணிக்கட்டில் ஒரு கருவி கட்டியிருப்பார்கள். எடுப்பதற்கு ஒரு பீப், போடுவதற்கு ஒரு பீப்.

வேலைக்குச் சேர்ந்து ஏழாவது மாதம், ஒரு சனிக்கிழமை பிற்பகல், மகள் அட்டைப்பெட்டி ஒன்றோடு சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள்.

"அம்மா, கண்ணை மூடு."

மூடினாள். கையில் எதையோ வைத்தாள் மகள். கனத்திலிருந்தே சின்னக்கைக்குத் தெரிந்துவிட்டது. கண்ணைத் திறக்கும் முன்பே கட்டைவிரல் காதின் அடியில் ஒட்டைத் தேடியது. ஒட்டு இல்லை, வழவழ என்று இருந்தது. வெள்ளைக் கோப்பை. அதில் 'இம்மாதத்தின் முதல் கை' என்று தங்க எழுத்தில் இருந்தது.

"மொத்தக் கிடங்குலயும் நான்தான் முதல். மணிக்கு நூத்தித் தொண்ணூறு! மேனேஜரே வந்து பக்கத்துல நின்னு பார்த்தாரு. இந்தப் பொண்ணால முடியுதுன்னா எல்லாராலயும் முடியும்னு மைக்ல சொன்னாரு. திங்கட்கிழமையிலேருந்து எல்லாருக்கும் என் நம்பர்தான்."

சின்னக்கை கோப்பையை மேசைமேல் வைத்தாள்.

"மெதுவாச் செய்யக் கூடாதாடி? யாராவது பின்னாடி நிக்கும்போது... ஒரு பொருளை எடுத்துத் திருப்பிப் பார்த்து, ஊதி..."

"எதுக்கும்மா ஊதணும்?"

அப்போதுதான் சொன்னாள். இருபத்தைந்து வருடம் வாய்க்குள் வைத்திருந்ததைக் கூழிலிருந்து, கடிகாரத்திலிருந்து, மேசைக்கு அடியில் உதைத்த காலிலிருந்து ஆரம்பித்து, வாசலில் விழுந்த தம்பிவரைக்கும் சொன்னாள். பக்கத்து அறையில் முழங்காலை நீட்டிப் படுத்திருந்த கணவனின் ரேடியோ நின்றது. மகள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. ஆனால் அவள் சொன்னது வேறு.

"நீ முன்னாடியே சொல்லியிருந்தாலும் அதேதாம்மா செஞ்சிருப்பேன். பின்னாடி யாரும் வந்து நிக்கணும்னே இல்லை; இது கையிலயே கட்டியிருக்கு. நின்னா நின்னதையும் எண்ணுது. மெதுவாச் செஞ்சா நாளைக்கு வேலை இல்லை. வாசல்ல மேட்டுத் தெருக்காரிங்க வரிசையில நிக்கிறாங்க."

மகள் கோப்பையைத் திருப்பி, எழுத்து சுவர்ப்பக்கம் இருக்கும்படி வைத்தாள். "எனக்கு எதிர் அலமாரியில மேட்டுத் தெருப் பொண்ணு ஒருத்தி இருக்கா" என்றாள். "கொஞ்சம் நிதானம். சேர்ந்த புதுசுல எனக்கு அலமாரி நம்பர் தெரியாம முழிச்சப்ப, அவ எடுத்த பொருளையே என் பெட்டியில போட்டுவிடுவா. பேச மாட்டோம், ஆனா போடுவா. அவளுக்கு இந்த நம்பர் வராது. திங்கட்கிழமை வர வேண்டாம்னு இன்னிக்கே கருவியைக் கழற்றி வாங்கிட்டாங்க."

"என்ன சொன்னா?"

"ஏன்னு கேட்டா. அவ்வளவுதான். நெட்டையா இருப்பா. அவங்க அம்மா முன்னாடி வாசல்ல பாட்டில் கழுவுவாங்களாம்."

சின்னக்கை எழுந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். மேட்டுத் தெரு அங்கிருந்தே தெரியும். மூன்றாவது வளைவில் நான்காவது வீடு. முப்பதைக் கொண்டுவா என்று சொல்லி அனுப்பிய வீட்டுக்கு நூற்றுத் தொண்ணூறை எடுத்துக்கொண்டு எப்படிப் போவது?

பிறகு செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக வைத்துவிட்டு, மகளுக்குத் தேநீர் போட உள்ளே போனாள்.